‘யூ வெயிட்’ என்றதும் முகம் சுருங்கிவிட்டது: ‘கொஞ்சம் பொறுங்க’ என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

முக்கடல்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கன்னியாகுமரியில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். படித்தது தமிழ் மீடியம். வேலைக்கு வந்தபிறகு வருகிறவர்களிடம் பேசிப் பேசித்தான் இங்கிலீஷ் பழகினேன். பேசப் பயமில்லை. ஆனால் இன்று காலையில் நடந்தது மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

விடியற்காலை ஐந்தேகால் மணி. உதயம் பார்க்கப் போகிறவர்கள் எல்லாம் அந்த நேரத்தில் ஒன்றாகத்தான் இறங்கி வருவார்கள். ஒருவர் சாவி கொடுக்கிறார், ஒருவர் டீ எங்கே கிடைக்கும் என்கிறார், ஒருவர் படகு எத்தனை மணிக்கு, கண்ணாடிப் பாலத்துக்குத் தனி டிக்கெட்டா என்று கேட்கிறார். 2024 டிசம்பர் கடைசியில் அந்தப் பாலம் திறந்ததிலிருந்து அதைக் கேட்காத ஆளே இல்லை. இதற்கு நடுவில் வெளிநாட்டு அம்மா ஒருவர் வந்து, அறையில் வெந்நீர் வரவில்லை என்றார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் போனில் இருந்தேன். உள்ளங்கையைக் காட்டி ‘யூ வெயிட்’ என்றேன்.

அந்த அம்மாவின் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. நான் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஆள் இல்லை, மாடிக்குத் திரும்பிப் போயிருந்தார்.

நான் மனதில் நினைத்தது ‘நீங்க கொஞ்சம் பொறுங்க’ என்பதுதான். அதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லையே? வாயிலிருந்து வந்தது மட்டும் ஏன் அப்படிக் கேட்டது? ஒரு நாளில் நூறு தடவை சொல்ல வேண்டிய பேச்சு இது. தெரிந்தவர்கள் சொல்லித் தாருங்கள்.

நாஞ்சில்காரன்

‘ஒன் மினிட்’ போதும் தம்பி. கோட்டாறில் இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். வடக்கேயிருந்து வருகிற வியாபாரிகளிடம் எல்லாம் ஒரு விரலைக் காட்டி ‘ஒன் மினிட்’ என்பேன். யாரும் கோபித்ததில்லை.

தக்கலை வாத்தியார்

தம்பி, நீங்கள் சொன்னதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. மரியாதை எங்கே உட்காருகிறது என்பதில்தான் சிக்கல்.

தமிழில் அது வினையின் வாலில் இருக்கிறது. ‘பொறு’ என்றால் சின்னவனுக்கு, ‘பொறுங்க’ என்றால் பெரியவருக்கு. ஒரு ‘ங்க’ போட்டால் வேலை முடிந்தது. இங்கிலீஷ் வினைக்கு அந்த வால் கிடையாது. வளர்க்கிற நாயிடம் சொன்னாலும் ‘வெயிட்’தான், கலெக்டரிடம் சொன்னாலும் ‘வெயிட்’தான். ‘பொறுங்க’ என்பதை எடுத்து அந்தப் பக்கம் வைக்கும்போது ‘ங்க’ வழியிலேயே விழுந்துவிடுகிறது. போய்ச் சேர்வது ‘பொறு’ மட்டும்.

அடுத்தது அந்த ‘யூ’. தமிழில் ‘நீங்க’ சேர்த்தால் மரியாதை கூடும். இங்கிலீஷில் ஏவலுக்கு முன்னால் ‘யூ’ வந்தால் விரலை நீட்டி அதட்டுவது போல ஆகிவிடும். நீங்கள் மரியாதைக்காகச் சேர்த்த சொல்தான் அந்த அம்மாவைக் குத்தியிருக்கும்.

அவர்கள் மரியாதையை வேறு வழிகளில் காட்டுகிறார்கள். ஒன்று, கட்டளையைக் கேள்வியாக்குவது: ‘குட் யூ கிவ் மீ எ மினிட்?’ இன்னொன்று, கேட்கிற நேரத்தைச் சின்னதாக்குவது: ‘ஜஸ்ட் எ மினிட்’, ‘ஜஸ்ட் எ மோமென்ட்’. அந்த ‘ஜஸ்ட்’டில்தான் நம்முடைய ‘கொஞ்சம்’ இருக்கிறது. நாஞ்சில்காரன் அண்ணன் சொன்ன ‘ஒன் மினிட்’ தப்பில்லை. ஆனால் விரலும் சேர்ந்து, ‘ஜஸ்ட்’டும் ‘ப்ளீஸ்’ஸும் இல்லாமல் போனால், பழக்கமில்லாத காதுக்கு அது வெட்டென்று விழும்.

பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் யாரையாவது இருக்கச் சொல்ல ‘காத்திரு’ என்று வீட்டில் யார் சொல்கிறார்கள்? ‘நில்லு, இன்னா வாறேன்’ (இதோ வருகிறேன்) என்போம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு கிடந்த மண். விளவங்கோடு பக்கம் இந்த ‘நில்லு’ இன்னும் கூடுதலாகக் கேட்கும், மலையாளத்திலும் இதே பேச்சுதான். ஒருமுறை பார்வையிட வந்த வெளியூர் அதிகாரியிடம் எங்கள் மாணவன் ஒருவன் பணிவாகக் கைகட்டி ‘சார், ஸ்டாண்ட் ஹியர்’ என்றான். ‘இங்கே நில்லுங்க சார், ஹெட்மாஸ்டரைக் கூட்டிட்டு வாறேன்’ என்பது அவன் மனசு. அதிகாரிக்குக் கேட்டது வகுப்புக்கு வெளியே நிறுத்துகிற தண்டனை. பையனைத் திட்ட வந்தவரிடம் நான்தான் விளக்கிச் சொன்னேன். அவன் முகம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

குழித்துறை நர்ஸ்

வாத்தியார் சார் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் இங்கிலாந்தில் வார்டில் வேலை பார்க்கிறேன். ஓஇடி என்று மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் தேர்வு ஒன்று உண்டு, அதற்குப் படிக்கும்போதே இதில் அடி வாங்கினேன். அந்தப் பேச்சுத் தேர்வில் இரண்டு ரோல் பிளே உண்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 நிமிஷம். எதிரே இருப்பவர் நோயாளியாகப் பேசுவார். பயிற்சியில் நான் ‘ப்ளீஸ் வெயிட், ஐ வில் ஆஸ்க் டாக்டர்’ என்பேன். சொல்லிக் கொடுத்த அக்கா ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிடுவார். “ப்ளீஸ் வெயிட் என்பது திரையில் எழுதிப் போடுகிற வாசகம். நீ மனுஷி, மனுஷி மாதிரி சொல்” என்பார்.

இங்கே வந்தபிறகு கற்றுக்கொண்டது வேறு. முதல் மாதம் பெல் அடித்த பாட்டி ஒருவரிடம் ‘ஒன் மினிட்’ என்று சொல்லிவிட்டு வேறு கட்டிலுக்குப் போனேன். அங்கே நேரமாகிவிட்டது. திரும்பி வந்தபோது அவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். இருபத்திரண்டு நிமிஷம். சத்தம் போடவில்லை, காட்டினார், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப்பிறகு என்ன செய்யப்போகிறேன், எவ்வளவு நேரமாகும் என்று இரண்டையும் சொல்லிவிடுவேன். ‘ஐ ஜஸ்ட் நீட் டு ஃபினிஷ் திஸ் டிரஸ்ஸிங், ஐ வில் பி வித் யூ இன் அபவுட் டென் மினிட்ஸ்.’ பத்து என்று சொல்லி எட்டில் போய் நின்றால் அவர்கள் முகம் மலர்கிறது. ஒன்று என்று சொல்லி ஐந்தில் போனால்கூட நாம் ஏமாற்றியவர்கள்தான்.

எனக்குப் பிடித்த இன்னொன்று. பக்கத்துக் கட்டில் அம்மா ஒருவர், மருந்து கொடுக்கப் போனபோது ‘ஹாஃப் எ டிக், லவ்’ என்றார். நான் தாளில் எங்கோ டிக் போடச் சொல்கிறார் என்று பேனாவை எடுத்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னது கடிகாரத்தின் டிக். ‘அரை நொடி இரு மக்களே, கண்ணாடியைப் போட்டுக்கறேன்’ என்று அர்த்தம். அந்த ‘லவ்’ நம் ஊர் ‘மக்களே’தான், வேறொன்றும் இல்லை. அதைக் கேட்ட அன்று ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

ஹெட்செட்

நாகர்கோவில்காரன், சென்னையில் கால் சென்டர். எங்கள் தொழிலே காக்க வைப்பதுதான், அதனால் இரண்டு விஷயம்.

வாடிக்கையாளரிடம் நாங்கள் ‘வுட் யூ மைண்ட் ஹோல்டிங் ஃபார் எ மோமென்ட்?’ என்று கேட்டுவிட்டுப் பதில் வருகிறவரை நிற்க வேண்டும். கேட்டுவிட்டு உடனே ஹோல்டில் போட்டால் கேட்டதற்கு அர்த்தமில்லை. திரும்பி வந்ததும் முதல் பேச்சு ‘தேங்க்ஸ் ஃபார் ஹோல்டிங்’. சிஸ்டம் மெதுவாக இருந்தால் ‘பேர் வித் மீ’.

இதே கேள்வியை நம்மிடம் யாராவது கேட்டால் கவனம். ‘வுட் யூ மைண்ட்’ என்பது ‘உங்களுக்குச் சிரமம் இருக்குமா’ என்று கேட்பது. நம்மவர்கள் மரியாதையாக ‘யெஸ், யெஸ்’ என்கிறார்கள். ‘ஆமாம், சிரமம்தான்’ என்று அர்த்தமாகிவிடும். ‘நாட் அட் ஆல்’ அல்லது ‘நோ, தட்ஸ் ஃபைன்’ என்பதுதான் சம்மதம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரியிடமே இப்படி ‘யெஸ்’ சொல்லிவிட்டேன். அவர் அரை நிமிஷம் பேசவே இல்லை.

தக்கலை வாத்தியார்

‘பேர் வித் மீ’ என்று ஹெட்செட் தம்பி சொன்னதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ‘பேர்’ சுமப்பது, தாங்குவது. நம் ‘பொறு’வும் அதேதான். பாரம் பொறுப்பதும் பொறு, நேரம் பொறுப்பதும் பொறு. இரண்டு மொழியிலும் காத்திருப்பது ஒரு சுமை என்று யாரோ உணர்ந்திருக்கிறார்கள். நர்ஸ் தங்கச்சிக்கு இன்னொன்று: நோயாளியைக் குறிக்கும் ‘பேஷன்ட்’, பொறுமையைக் குறிக்கும் ‘பேஷன்ஸ்’ இரண்டும் துன்பப்படுதலைக் குறிக்கும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை.

நிமிஷக் கணக்குக்கும் ஒரு சேதி உண்டு. ‘நிமிஷம்’ என்ற சொல்லுக்கு முதல் பொருள் கண் இமைக்கும் நேரம். ‘நொடி’ கை நொடிக்கும் நேரம். நம் இலக்கணத்தில் மாத்திரைக்கு அளவே கண்ணிமையும் கைந்நொடியும்தான். ஆகையால் ‘ஒரு நிமிஷம்’ என்று நம்மவர் சொல்லும்போது அது 60 விநாடி அல்ல, இமைப்பொழுது என்கிற வாக்கு. அந்தப் பக்கமும் அப்படித்தான். ஐரோப்பாவில் இடைக்காலத்தில் ‘மோமென்ட்’ என்பது ஒரு மணி நேரத்தில் நாற்பதில் ஒரு பங்கு, சராசரியாக 90 விநாடி. இன்று யாரும் அப்படி அளப்பதில்லை.

நாஞ்சில்காரன்

வாத்தியாரே, நல்ல சேதிதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். நாம் ஏன் அவர்கள் காதுக்கு ஏற்றபடி மாற வேண்டும்? நம் நாட்டுக்கு வருகிறவர்கள் நம் இங்கிலீஷைப் புரிந்துகொள்ளட்டுமே. ‘ஒன் மினிட்’, ‘டூ மினிட்ஸ்’ எல்லாம் நம் நாட்டு இங்கிலீஷ். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

குழித்துறை நர்ஸ்

வெட்கம் இல்லை அண்ணா. நம் பேச்சில் இருந்த அன்பு அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை என்பதுதான் வருத்தம். அந்தத் தம்பி அதட்டவில்லை. ஆனால் அந்த அம்மா அதட்டல் வாங்கிக்கொண்டு மாடியேறிப் போயிருக்கிறார். இரண்டு பேருமே தப்புச் செய்யவில்லை, இரண்டு பேருக்கும் மனசு நோகிறது. இதைச் சரிசெய்ய நாலு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் என்ன?

நாஞ்சில்காரன்

அது சரி. அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

தூத்தூர் கடலோடி

கப்பலில் பதினெட்டு வருஷம். எங்களுக்கு ரேடியோவில் ‘வெயிட்’டை விட ‘ஸ்டாண்ட் பை’ அதிகம். வாத்தியார் சொன்ன ‘நில்லு’ கதையைப் படித்ததும் இதுதான் நினைவு வந்தது. ‘ஸ்டாண்ட் பை’ சும்மா நிற்பது அல்ல. இன்ஜின் ரூமுக்கு ‘ஸ்டாண்ட் பை இன்ஜின்’ என்று வந்தால் அடுத்த உத்தரவுக்குத் தயாராகக் கைவைத்து நிற்க வேண்டும். ‘ஸ்டாண்ட் பை ஆன் சேனல் ஒன் சிக்ஸ்’ என்றால் 16ஆம் சேனலில் காதை வைத்துக்கொண்டிரு என்று அர்த்தம். விஎச்எஃப் ரேடியோவில் ஆபத்துக்கும் அழைப்புக்கும் உள்ள சேனல் அது, 156.8 மெகாஹெர்ட்ஸ்.

ஆழ்கடலுக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பெரிய கப்பல்காரன் ‘ஸ்டாண்ட் பை’ என்றால் பேச்சு முடிந்தது என்று செட்டை அணைத்துவிடாதே. அவன் திரும்ப விளிப்பான். நீ கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஏர்போர்ட் ஷிப்ட்

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் வேலை, வீடு களியக்காவிளை. விமானத்திலும் அதே சொல்தான். ‘ஸ்டாண்ட்பை’ என்றால் பொறு, நானே உன்னைக் கூப்பிடுகிறேன் என்று அர்த்தம். அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை.

இந்த ஒரு சொல் காதில் விழாமல் போனதால் என்ன நடந்தது என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு. மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747. ஒன்று கேஎல்எம் நிறுவனத்துடையது, மற்றது பான் ஆம் நிறுவனத்துடையது. கேஎல்எம் விமானி, நாங்கள் கிளம்புகிறோம் என்கிற மாதிரி ஒன்றைச் சொல்ல, கட்டுப்பாட்டு டவரிலிருந்து முதலில் ‘ஓகே’ என்று வந்தது. ஒரு சின்ன இடைவெளி விட்டு ‘ஸ்டாண்ட் பை ஃபார் டேக் ஆஃப், ஐ வில் கால் யூ’ என்றார்கள். அதே நேரத்தில் பான் ஆம் விமானமும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பேச, இரண்டு பேச்சும் ரேடியோவில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கேஎல்எம் விமானிகளின் காதில் கீச்சென்ற ஒலிதான் விழுந்தது. தெளிவாகக் கேட்டது அந்த ‘ஓகே’. கேஎல்எம் கிளம்பி ஓட, இரண்டு விமானமும் மோதி 583 பேர் இறந்துபோனார்கள். காரணங்கள் இன்னும் பல உண்டு, இது அவற்றில் ஒன்று. அதற்குப்பிறகுதான் ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லையே, கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும் சொல்ல வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது.

அமெரிக்காவில் ஓடுபாதைக்கு வந்து நிற்கச் சொல்ல ‘பொசிஷன் அண்ட் ஹோல்ட்’ என்று சொல்லி வந்தார்கள். 2010 செப்டம்பர் 30 முதல் அதையும் மற்ற நாடுகளைப் போல ‘லைன் அப் அண்ட் வெயிட்’ என்று மாற்றிவிட்டார்கள்.

அன்றிலிருந்து நான் போனில் ‘ஓகே, ஓகே, வெயிட்’ என்று சொல்வதை விட்டுவிட்டேன். நமக்கு ‘சரி சரி, கொஞ்சம் நில்லுங்க’ என்று ஆரம்பிக்கிற பழக்கம் உண்டு. செல்போன் சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்தில் எதிரே இருப்பவருக்கு ‘சரி’ மட்டும் கேட்டால் அவர் கிளம்பிவிடுவார். முதலில் ‘ஹோல்ட் ஆன்’, அப்புறம் மற்றதெல்லாம்.

ஹெட்செட்

படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது அண்ணா.

‘ஹோல்ட் ஆன்’, ‘ஹேங் ஆன்’ இரண்டும் தெரிந்தவர்களிடம் தாராளமாகச் சொல்லலாம், லாட்ஜ் விருந்தினரிடம் வேண்டாம். ‘ஹோல்ட் ஆன்’, ‘வெயிட் எ மினிட்’ இரண்டையும் குரலை ஏற்றிச் சொன்னால் ‘நில்லு, நீ சொல்றது சரியில்லையே’ என்று மறிப்பதாகவும் ஆகும். ‘ஹோல்ட் யுவர் ஹார்சஸ்’ அவசரப்படுகிற நண்பனுக்கு மட்டும்.

முக்கடல்கரை

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சாரின் பதிலை மத்தியானம் படித்தேன், நர்ஸ் அக்காவின் பதிலைச் சாயங்காலம். அந்த அம்மா நாளை வரை இங்கேதான் இருக்கிறார்.

பிளம்பரைக் கூட்டிக்கொண்டு நானே மேலே போனேன். ‘சாரி டு ஹேவ் கெப்ட் யூ வெயிட்டிங் திஸ் மார்னிங்’ என்றேன். போகும் வழியில் படிக்கட்டில் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர், நீங்கள் என்மேல் கோபமாக இருக்கிறீர்கள் என்று நினைத்தேன், அதனால் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வந்துவிட்டேன் என்றார். அவர் குளிர்ந்த நீரில்தான் குளித்திருக்கிறார்.

கீழே வந்து யோசித்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் அக்கா எழுதிய வாக்கியத்திலும் சரி, மற்றவர்கள் எழுதியதிலும் சரி, நல்லதாகப் படுவதில் எல்லாம் ‘ஐ’ தான் முன்னால் நிற்கிறது. ‘ஐ வில் பி வித் யூ’, ‘ஐ வில் பி ரைட் தேர்’. அடுத்தவரை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. நான் என்ன செய்வேன் என்று சொல்கிறது, அவ்வளவுதான். இது எங்கேயோ கேட்டது மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். எங்கள் அம்மா. வாசலில் யார் வந்து விளித்தாலும் அடுக்களையிலிருந்து ‘பொறுங்க’ என்று அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. ‘இன்னா வாறேன்’ என்றுதான் குரல் வரும். மீன் கழுவிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வருவாள். அதில் ‘நீங்க’ இல்லை, ‘நான்’ மட்டும்தான். நம் வீட்டிலேயே இருந்த பேச்சை விட்டுவிட்டு நான் ‘பொறுங்க’ என்பதை எடுத்து மொழிபெயர்த்திருக்கிறேன்.

தக்கலை வாத்தியார்

தம்பி, நான் முப்பது வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லை. உங்கள் அம்மா சொன்னதுதான் ‘ஐ வில் பி ரைட் வித் யூ’.

ஒரே ஒரு எச்சரிக்கை. நாம் ‘இன்னா வந்துட்டேன்’ என்றும் சொல்வோம். இன்னும் வரவே இல்லை, ஆனால் வினை இறந்த காலத்தில் இருக்கும். வருவது அவ்வளவு உறுதி என்பதற்கு அடையாளம் அது. அதை அப்படியே ‘ஐ கேம்’ என்று ஆக்கிவிடக் கூடாது. ‘ஐ’ம் கமிங்’ போதும்.

தூத்தூர் கடலோடி

அவர்கள் சொல்வதைக் கேட்கும்போதும் கவனம் வேண்டும் தம்பி. தென்னாப்பிரிக்கா துறைமுகத்தில் ஒருவர் ‘ஜஸ்ட் நவ்’ வருகிறேன் என்றார். நான் வாசலிலேயே நின்றேன். அந்த நாட்டில் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் பிறகு, எப்போதாவது. அமெரிக்காக்காரர் ‘மொமென்டரிலி’ என்றால் சற்று நேரத்தில் என்று அர்த்தம். பிரிட்டிஷ்காரருக்கு அதே சொல் சற்று நேரத்துக்கு மட்டும்.

குழித்துறை நர்ஸ்

இங்கே ‘ஐ வோன்ட் பி எ மினிட்’ என்று ஒன்று உண்டு. முதல் தடவை கேட்டபோது ‘ஒரு நிமிஷம்கூட இருக்க மாட்டேன்’ என்று கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்துவிட்டேன். ‘ஒரு நிமிஷம்கூட ஆகாது, இன்னா வாறேன்’ என்பதுதான் பொருள்.

முக்கடல்கரை

இன்று காலை. அதே ஐந்தேகால் மணி, அதே கூட்டம், கையில் போன். அந்த அம்மா பையோடு இறங்கி வந்தார், அறையைக் காலி செய்ய. நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்து ‘குட் மார்னிங், ஐ வில் பி ரைட் வித் யூ’ என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ‘டேக் யுவர் டைம்’ என்றார்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நேரமாக்குகிறேன் என்று குத்திக் காட்டுகிறாரோ? அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும்? நான் வெறுமனே தலையை ஆட்டிவிட்டேன்.

குழித்துறை நர்ஸ்

குத்தல் இல்லை தம்பி. சிரித்துக்கொண்டு சொன்னார் என்றால் அது நம் ஊர் ‘பைய வாங்க, ஒண்ணும் அவசரமில்லை’. அடுத்த தடவை ‘தேங்க்யூ, ஐ வோன்ட் பி லாங்’ என்று சொல்லுங்கள்.